குறியீட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் ப்ளகின்கள் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

பெரிய ஃபைலில் ஒரே ஒரு ஃபங்ஷனைக் கண்முன் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மறைத்துவிடும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அது இல்லாமல் வேலை செய்யவே மனம் வராது. குறியீடு எழுதும் எடிட்டர்களில் ஆளுக்கொரு வழி: ஈமேக்ஸில் நேரோயிங் (தேர்ந்த பகுதியை மட்டும் காட்டுவது), விம்மில் மடிப்புகளும் (பல வரிகளை ஒரே வரியாகச் சுருக்குவது) நேரோ ரீஜன் ப்ளகினும், மற்ற வரிகளை மங்கலாக்கும் லைம்லைட்டும், நியோவிம்மில் அதே வேலை செய்யும் ட்வைலைட், விஎஸ் கோடில் ஃபோல்டிங்கும் (இதுவும் மடிப்புதான்) ஸென் மோடும். இவை கோளாறு செய்யும் விதம் மட்டும் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட வேலை செய்கிறவர்களுக்குப் பல வருடங்களாக இதைச் சரிசெய்து கொடுத்ததில், திரும்பத் திரும்ப வந்த அறிகுறிகளை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், அதிக நேரம் தின்னும் காரணம் கடைசியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். எடிட்டரை மூடாதீர்கள். கிட்டிலிருந்து (குறியீட்டின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) பழைய பதிப்பை எடுத்து மேலே போடாதீர்கள். ப்ளகினை அழித்துவிட்டு மறுபடி நிறுவாதீர்கள். ஒருவர் ஃபைலில் பாதி அழிந்துவிட்டது என்று பதறி, கடைசி கமிட்டிலிருந்து, அதாவது கிட்டில் கடைசியாகப் பதிந்த பதிப்பிலிருந்து, ஃபைலை மீட்டார். உண்மையில் எதுவும் அழியவில்லை, மறைந்துதான் இருந்தது. அன்று காலையிலிருந்து கமிட் செய்யாமல் எழுதிய மூன்று மணி நேர வேலைதான் அந்த மீட்பில் போனது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

## அறிகுறி: ஃபைலில் பாதியைக் காணோம்

ஈமேக்ஸில் என்றால் கீழே மோட் லைனை (ஜன்னலின் அடியில் இருக்கும் நிலைப் பட்டை) பாருங்கள். ‘நேரோ’ என்ற சொல் இருந்தால் காரணம் அதுதான். கண்ட்ரோல்-எக்ஸ், அப்புறம் என், அப்புறம் டபிள்யூ. இது வைடன் கட்டளை. முழு ஃபைலும் திரும்பி வந்துவிடும். மோட் லைனை நீங்கள் மாற்றி அமைத்திருந்தால் அந்தச் சொல் தெரியாமல் போகலாம். அதனால் சொல் இல்லாவிட்டாலும் வைடன் கொடுத்துப் பாருங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. அதற்கும் வரவில்லையா? ஹைட்ஷோ மோட் (ஈமேக்ஸின் மடிப்பு வசதி) ஓடுகிறதா என்று பார்த்து எச்எஸ்-ஷோ-ஆல் கட்டளை கொடுங்கள். பிறகு கண்ட்ரோல்-எக்ஸ், டாலர் குறி. இது உள்தள்ளிய வரிகளை மறைக்கும் வசதியை நிறுத்தும்.

நேரோ செய்த நிலையில் சேவ் செய்துவிட்டோமே, மறைந்த பகுதி போயிருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. போகாது. வழக்கமான சேவ், மறைந்த பகுதியையும் சேர்த்து முழு ஃபைலையும்தான் எழுதும்.

விம், நியோவிம் என்றால் சிறிய இசட், பெரிய ஆர். எல்லா மடிப்பும் திறக்கும். மடிப்பையே தற்காலிகமாக நிறுத்தச் சிறிய இசட், சிறிய என்.

விஎஸ் கோட் என்றால் கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-ஜே. எல்லாம் விரியும்.

இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் எடிட்டரை அப்படியே விட்டுவிட்டு, டெர்மினலில் டபிள்யூசி கட்டளையால் ஃபைலின் வரிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் பிரச்சினை காட்சியில்தான். உண்மையிலேயே குறைந்திருந்தால் நேராகக் கீழே ‘எழுதியது போய்விட்டது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: வரி எண் பொருந்தவில்லை

பிழைச் செய்தி 412ஆம் வரி என்கிறது, எடிட்டரில் மொத்தமே 38 வரிதான் இருக்கிறது. ஈமேக்ஸில் நேரோ செய்தால் ஓரத்தில் காட்டும் வரி எண்கள் தெரியும் பகுதியின் தொடக்கத்திலிருந்து 1, 2 என்று எண்ணத் தொடங்கும். டிஸ்ப்ளே-லைன்-நம்பர்ஸ்-வைடன் என்ற மாறியை இயக்கிவிட்டால் உண்மையான எண்ணே தெரியும். ஒருமுறை மட்டும் தெரிந்தால் போதும் என்றால் வாட்-லைன் கட்டளை போதும். முழு ஃபைலில் எத்தனையாவது, தெரியும் பகுதியில் எத்தனையாவது என்று இரண்டையும் சொல்லும்.

தற்காலிக பஃபரில் (பஃபர் என்பது எடிட்டர் நினைவகத்தில் திறந்து வைத்திருக்கும் எழுத்து) பகுதியைத் திறக்கும் ப்ளகின்களிலும் எண் 1இலிருந்துதான் தொடங்கும். அங்கே மூல பஃபருக்குப் போய்ப் பார்ப்பதுதான் வழி.

## அறிகுறி: ஒரு ஜன்னலில் சுருக்கினால் பக்கத்து ஜன்னலும் சுருங்குகிறது

இது ஈமேக்ஸில் மட்டும் வரும். நேரோயிங் பஃபருக்கு உரியது, ஜன்னலுக்கு உரியதல்ல. அதனால் இது கோளாறும் அல்ல. கண்ட்ரோல்-எக்ஸ், 4, சி அழுத்தி அதே பஃபருக்கு ஒரு இண்டைரக்ட் பஃபர் (அதே எழுத்தைக் காட்டும் இன்னொரு பிரதி) எடுத்து, அதில் நேரோ செய்யுங்கள். எழுத்து இரண்டுக்கும் பொது, சுருக்கம் தனித்தனி. முடிந்ததும் அந்தப் பிரதியை மூடினால் எழுதியது எதுவும் போகாது. மாற்றிச் செய்துவிடாதீர்கள்: மூல பஃபரை மூடினால் பிரதிகளும் சேர்ந்தே மூடப்படும்.

## அறிகுறி: தேடி மாற்றியது பாதிதான் மாறியது, அல்லது கேட்காததும் மாறியது

இதுதான் என்னிடம் அதிகம் வந்த புகார். காரணம் தெரியாமல் நேரம் போவதும் இதில்தான்.

பாதிதான் மாறியது. விஎஸ் கோடில் தேடல் பெட்டியைத் திறந்து, ‘ஃபைண்ட் இன் செலக்‌ஷன்’ பொத்தான் அழுந்தியிருக்கிறதா பாருங்கள். ஆல்ட்-எல் அதை மாற்றும். அடிக்கடி தானாகவே அழுந்துகிறது என்றால் செட்டிங்ஸில் ‘ஆட்டோ ஃபைண்ட் இன் செலக்‌ஷன்’ என்று தேடி, ‘நெவர்’ என்று வையுங்கள். ஈமேக்ஸில் நேரோ ஆகியிருந்தால் க்வெரி-ரீப்ளேஸ் தெரியும் பகுதியைத்தான் தொடும். வேண்டுமென்றே அப்படிச் செய்தால் அருமையான வசதி. மறந்துபோய்ச் செய்தால் பாதி ஃபைல் பழைய பெயரிலேயே நிற்கும். வைடன் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.

கேட்காததும் மாறியது, அழிந்தது. விம்மில் மூடிய மடிப்பின் மேல் கர்சரை வைத்து இரண்டு முறை டி அடித்தால், கண்ணுக்குத் தெரியும் ஒரு வரி மட்டும் போகாது. மடிப்புக்குள் இருக்கும் அத்தனை வரியும் போகும். ஒற்றை வரிக்கென்று கொடுக்கும் பதிலீட்டுக் கட்டளையும் அப்படித்தான், மூடிய மடிப்பு முழுவதற்கும் விரிந்துகொள்ளும். 200 வரி ஃபங்ஷன் ஒரே வரியாக மடிந்து நிற்கும்போது இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். உடனே யூ அழுத்தி அன்டூ செய்யுங்கள். இனிமேல் அழிப்பதற்கு முன் அந்த மடிப்பைத் திறந்துகொள்ளுங்கள்: சிறிய இசட், சிறிய ஓ. நான் அழிக்கும் வேலை இருந்தால் மடிப்பையே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவேன்.

## அறிகுறி: ஒரு ஃபங்ஷனைத் தொட்டேன், முழு ஃபைலும் மாறியதாகக் கிட் காட்டுகிறது

ஒரு பகுதியை மட்டும் பார்த்து வேலை செய்பவர்களுக்கு இது தனித் தலைவலி, ஏனென்றால் மாற்றம் நடந்த இடம் கண்ணிலேயே படுவதில்லை. கமிட் செய்தபின் அதைப் படித்துப் பார்ப்பவர்தான் கண்டுபிடிக்கிறார்.

முதல் சோதனை: கிட் டிஃப்பை (மாறிய வரிகளைக் காட்டும் கட்டளை) வெற்றிடங்களைப் புறக்கணிக்கும் சிறிய டபிள்யூ சுவிட்சுடன் ஓட்டுங்கள். மாற்றங்கள் உங்கள் ஃபங்ஷன் அளவுக்குச் சுருங்கினால், சேவ் செய்யும்போது ஃபார்மேட்டர் (குறியீட்டின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓடியிருக்கிறது, அல்லது வரி முடிவுக் குறிகள் மாறியிருக்கின்றன. விஎஸ் கோடில் ‘ஃபார்மேட் ஆன் சேவ் மோட்’ என்ற செட்டிங்கை ‘ஃபைல்’ என்பதிலிருந்து ‘மாடிஃபிகேஷன்ஸ்’ என்று மாற்றினால், நீங்கள் தொட்ட வரிகளை மட்டும் ஒழுங்குபடுத்த முயலும். அந்த ஃபைல் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் இருந்தால்தான் இது வேலை செய்யும். வலது கீழ் மூலையில் எல்எஃப், சிஆர்எல்எஃப் என்ற வரி முடிவுக் குறிகளில் எது தெரிகிறது என்பதையும் பாருங்கள்.

ஏற்கெனவே கலந்துவிட்டது என்றால் ஃபைலைத் தூக்கி எறிய வேண்டாம். கிட் ஆட் கட்டளையைச் சிறிய பி சுவிட்சுடன் ஓட்டினால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும். உங்கள் ஃபங்ஷனுக்கு ஒய், மற்றதற்கு என். அலுப்பான வேலைதான், ஆனால் உங்கள் மாற்றத்தைப் படிக்கப்போகிறவரின் அரைநாளைக் காப்பாற்றுகிறீர்கள்.

சுவிட்சுடன் ஓட்டியும் டிஃப் சுருங்கவில்லை என்றால் மேலே சொன்ன தேடல்-மாற்றல் பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: எழுதியது போய்விட்டது

இங்கே நிதானம் வேண்டும். பகுதியைத் தனி பஃபரில் திறக்கும் ப்ளகின்களில் ‘சேவ்’ இரண்டு படிகளாக நடக்கிறது என்பது முதலில் மனதில் இருக்கட்டும்.

விம்மில் நேரோ ரீஜன். சிறு ஜன்னலில் கோலன் டபிள்யூ கொடுத்தால் மாற்றம் மூல பஃபருக்குத்தான் போகிறது, டிஸ்க்குக்கு அல்ல. மூல ஜன்னலுக்குப் போய் அங்கே ஒருமுறை கோலன் டபிள்யூ கொடுத்தால்தான் ஃபைல் எழுதப்படும். சிறு ஜன்னலை ஆச்சரியக்குறியுடன் மூடினால் அங்கே எழுதியது போய்விடும். மூல பஃபர் இன்னும் திறந்திருக்கிறதா? அதில் மாற்றம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே சேவ் செய்யுங்கள்.

இதே ப்ளகினில் இன்னொன்று: சிறு ஜன்னல் திறந்திருக்கும்போது மூல பஃபரில் எழுத முயன்று ஈ21 பிழை வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பிவிடாமல் இருக்கப் பூட்டி வைத்திருக்கிறது. சிறு ஜன்னலில் வேலையை முடித்து மூடுங்கள்.

ஈமேக்ஸில் எடிட்-இண்டைரக்ட், ஆர்க் மோடின் குறியீட்டுப் பகுதிகள். எடிட்-இண்டைரக்டில் மாற்றத்தை ஏற்கக் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-சி. கைவிடக் கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-கே. இரண்டாவது விசை மாறி விழுந்தால் கதை மாறிவிடும். ஆர்க்கில் நுழையவும் வெளியேறவும் கண்ட்ரோல்-சி, ஒற்றை மேற்கோள் குறி.

உண்மையிலேயே டிஸ்க்கிலும் இல்லை என்றால், இந்த வரிசையில் தேடுங்கள்:

1. மூல பஃபரில் அன்டூ. எடிட்டரை மூடாமல் இருந்தால் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும்.
2. ஈமேக்ஸில் ரிகவர்-திஸ்-ஃபைல் கட்டளை. தானியங்கிச் சேமிப்பு, ஃபைல் பெயரின் இருபுறமும் ஹேஷ் குறியுடன் அதே ஃபோல்டரில் இருக்கும். பெயருக்குப் பின் டில்டே குறியுடன் பழைய நகல் ஒன்றும் இருக்கலாம்.
3. விம்மை சிறிய ஆர் சுவிட்சுடன் அந்த ஃபைல் பெயரைக் கொடுத்துத் திறங்கள். ஸ்வாப் ஃபைல் மிச்சம் இருந்தால் அதிலிருந்து மீட்கும்.
4. விஎஸ் கோடில் எக்ஸ்ப்ளோரரின் அடியில் ‘டைம்லைன்’ என்ற பகுதி. 2022 மார்ச்சில் வந்த 1.66 பதிப்பிலிருந்து, கிட் இல்லாவிட்டாலும் சேவ் செய்த ஒவ்வொரு முறைக்கும் நகல் வைத்துக்கொள்கிறது. இயல்பாக ஒரு ஃபைலுக்கு 50 நகல் வரை. இது இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

நான்கிலும் இல்லையா? அந்த இடத்தில் நிறுத்துங்கள். அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், உங்கள் நிறுவனத்தில் பேக்கப்பைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மினைக் கூப்பிடுங்கள். ஃபைலின் முழுப் பாதையையும், கடைசியாக அது நன்றாக இருந்த நேரத்தையும் எழுதிக் கொடுங்கள்.

## அறிகுறி: மடிப்புகள் தப்பான இடத்தில், அல்லது மடிப்பே இல்லை

விஎஸ் கோட். ஃபைல் திறந்த உடனேயா? சில நொடி பொறுங்கள். மொழிச் சேவையகம் (குறியீட்டைப் புரிந்துகொண்டு எடிட்டருக்கு விவரம் தரும் பின்னணி நிரல்) எழுந்த பிறகுதான் சரியான மடிப்புகள் வரும். பொறுத்தும் தப்பு என்றால் ‘ஃபோல்டிங் ஸ்ட்ராட்டஜி’ செட்டிங்கைப் பாருங்கள். ‘இன்டென்டேஷன்’ என்று இருந்தால் உள்தள்ளலை வைத்து மட்டும் மடிக்கும். டேபும் ஸ்பேஸும் கலந்த ஃபைலில் அது தடுமாறும். ‘ஆட்டோ’ ஆக்குங்கள். மிகப் பெரிய ஃபைலில் மேலே மடிப்பு இருந்து கீழே போகப் போக இல்லை என்றால் வரம்பு மீறியிருக்கிறது. இயல்பான வரம்பு 5000 மடிப்புகள். ‘ஃபோல்டிங் மேக்ஸிமம் ரீஜன்ஸ்’ என்பதில் கூட்டலாம். ஆனால் அவ்வளவு பெரிய ஃபைலை உடைக்கும் நேரம் வந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

மொழியின் மடிப்பை நம்பாமல் உங்களுக்கு வேண்டிய வரிகளைத் தேர்ந்து, கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-காற்புள்ளி அடித்தால் கையாலேயே ஒரு மடிப்பு உண்டாகும். தேர்ந்த பகுதி தவிர மற்றதை மடிக்கக் கண்ட்ரோல்-கே, கண்ட்ரோல்-கழித்தல் குறி. ஒரு பகுதியில் மட்டும் கவனம் வைக்க விஎஸ் கோடில் எனக்குப் பிடித்த வழி இதுதான். எக்ஸ்டென்ஷன் எதுவும் வேண்டாம்.

விம். கோலன் அடித்து ‘வெர்போஸ் செட் ஃபோல்ட்மெத்தட்’ என்று கேள்விக்குறியுடன் கேளுங்கள். இப்போதைய மதிப்பு என்ன, அதை எந்த ஃபைல் கடைசியாக மாற்றியது என்று இரண்டையும் சொல்லும். பாதிப் பிரச்சினை இங்கேயே வெளிச்சமாகிவிடும், ஏனென்றால் மொழிக்கான ஏதோ ஒரு ப்ளகின் நீங்கள் வைத்ததை மாற்றியிருக்கும்.

- ஈ350 பிழை வந்தால்: மடிப்பு முறை ‘மேனுவல்’ அல்லது ‘மார்க்கர்’ ஆக இல்லை, அதனால் கையால் மடிப்பு உண்டாக்க விடவில்லை.
- ஈ490 வந்தால்: கர்சர் இருக்கும் இடத்தில் மடிப்பே இல்லை.
- ஃபைல் திறக்கும்போதே எல்லாம் மூடியிருந்தால்: ஃபோல்ட்லெவல்ஸ்டார்ட்டை 99 என்று வையுங்கள்.
- கையால் செய்த மடிப்புகள் மறுநாள் காணோம் என்றால்: அவை ஃபைலில் சேமிக்கப்படுவதில்லை. மூடுமுன் எம்கேவியூ, திறந்தபின் லோட்வியூ.

## அறிகுறி: மற்ற வரிகள் மங்கவில்லை, அல்லது என் ஃபங்ஷனே பாதி மங்குகிறது

லைம்லைட். நிறத் திட்டம் ஆதரிக்கப்படவில்லை என்ற செய்தி வந்தால், மங்கலுக்கு எந்த நிறம் என்று அதற்குக் கணக்கிடத் தெரியவில்லை. லைம்லைட்_கன்சீல்_சிடெர்ம்எஃப்ஜி என்ற மாறியில் சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஃபங்ஷன் பாதி மங்குகிறது என்றால் காரணம் வேறு: லைம்லைட் பத்தி பத்தியாகப் பார்க்கிறது, காலி வரி வந்தால் பத்தி முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஃபங்ஷனுக்குள் காலி வரி இருக்கிறது, அவ்வளவுதான். பாராகிராஃப்_ஸ்பான் மதிப்பை 1 ஆக்கினால் முன்னும் பின்னும் ஒவ்வொரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளும்.

ட்வைலைட். இது ட்ரீசிட்டர் என்ற, குறியீட்டைப் பகுத்துப் பார்க்கும் கருவி வழியாகக் குறியீட்டின் அமைப்பைப் பார்க்கிறது. முதலில் அந்த மொழிக்கு ட்ரீசிட்டர் பார்சர் (மொழிக்கு ஒன்றாக இருக்கும் பகுப்பு நிரல்) நிறுவியிருக்கிறதா என்று செக்ஹெல்த் கட்டளையில் பாருங்கள். இல்லையென்றால் கர்சரைச் சுற்றி 10 வரி என்ற கணக்கில்தான் ஓடும். பார்சர் இருந்தும் சரியாக விரியவில்லையா? நியோவிம் 0.9 முதல் இருக்கும் இன்ஸ்பெக்ட்ட்ரீ கட்டளையைக் கொடுத்து, உங்கள் ஃபங்ஷனுக்குப் பார்சர் என்ன பெயர் வைத்திருக்கிறது என்று படியுங்கள். பைதானில் அது ஃபங்ஷன்_டெஃபினிஷன். ட்வைலைட்டின் ‘எக்ஸ்பாண்ட்’ பட்டியலில் அதே பெயர் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

## அறிகுறி: கட்டளை கொடுத்தால் கேள்வி கேட்கிறது, அல்லது வெளியே வர முடியவில்லை

ஈமேக்ஸில் முதன்முறை நேரோ-டு-ரீஜன் கொடுத்தால் ‘இது முடக்கப்பட்ட கட்டளை’ என்று கேட்கும். புதியவர்கள் குழம்புவார்கள் என்று வைத்த தடுப்பு. ஒய் அழுத்தினால் இனி கேட்காது; ஸ்பேஸ் இந்த ஒருமுறைக்கு மட்டும்.

விஎஸ் கோட் ஸென் மோடிலிருந்து வர எஸ்கேப் இரண்டு முறை. எஸ்கேப்பை வேறு எக்ஸ்டென்ஷன் பிடித்து வைத்திருந்தால் கமாண்ட் பேலட்டில் ‘டாகிள் ஸென் மோட்’.

## அறிகுறி: தட்டச்சு செய்யும்போது திணறுகிறது

விம்மில் மடிப்பு முறை ‘சின்டாக்ஸ்’ அல்லது ‘எக்ஸ்பிரஷன்’ என்றால் நீங்கள் எழுத எழுத மடிப்புகளை மறுபடி கணக்கிடுகிறது. ஒரு தந்திரம்: மடிப்புகள் வந்தபின் முறையை ‘மேனுவல்’ என்று மாற்றிவிடுங்கள். வந்த மடிப்புகள் அப்படியே இருக்கும், கணக்கிடுவது நின்றுவிடும்.

அதிலும் தீரவில்லை என்றால் ப்ளகின்கள் இல்லாமல் திறந்து பாருங்கள். ஈமேக்ஸுக்குப் பெரிய க்யூ சுவிட்ச், விம்முக்கு ‘க்ளீன்’ சுவிட்ச். விஎஸ் கோடில் கமாண்ட் பேலட்டில் ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்று ஒன்று இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக நிறுத்தி, கோளாறு இருக்கிறதா இல்லையா என்று உங்களைக் கேட்டுக் கேட்டே குற்றவாளியைக் காட்டிவிடும். 40 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஆறேழு கேள்வியில் முடியும்.

## எப்போது ப்ளகின் எழுதியவரிடம் போக வேண்டும்

வெற்று எடிட்டரில், அந்த ஒரு ப்ளகினை மட்டும் ஏற்றி, 20 வரி ஃபைலில் கோளாறை மறுபடி வரவழைக்க முடிகிறது என்றால் அது உங்கள் அமைப்பின் தவறல்ல. அதுவரை அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அதற்குப் பிறகு தயங்கவும் தயங்காதீர்கள். அந்த 20 வரி ஃபைல், எடிட்டரின் பதிப்பு எண், ப்ளகினின் கமிட் எண், அழுத்திய விசைகள் வரிசையாக, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று எழுதி அனுப்புங்கள். ப்ளகினை நிறுத்திய பிறகும் மொழிச் சேவையகம் திரும்பத் திரும்ப நின்றுபோகிறது என்றால் போக வேண்டிய இடம் வேறு: அந்த மொழிச் சேவையகத்தைப் பராமரிப்பவர்கள். அவர்களுக்கு அவுட்புட் பேனலில் இருக்கும் லாகையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்புமுன் அதில் கடவுச்சொல்லோ டோக்கனோ இருக்கிறதா என்று ஒருமுறை கண்ணோட்டிவிடுங்கள்.